தூதரக வாசலில் குளம் எதற்கு?

[காட்சி: திருகோணமலை, பிரெட்ரிக் கோட்டை வாசல். காலை நேரம்.]

வணக்கம். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் இந்தக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும். உள்ளே ஆமி முகாம். சண்டைக் காலத்தில் இங்கே இறக்கிச் சோதித்துத்தான் விட்டார்கள். இப்போது அருச்சனைத் தட்டோடு ஏறுகிற அம்மாவுக்கு முகாமுக்குள் நடக்கிற நினைப்பே வராது. வாழைப்பழ மணத்துக்கு மான் வந்து பையை முகரும், அவ்வளவுதான்.

[காட்சி: உயர்ந்த மதில், வீதியோர வரிசை.]

இனிக் கொழும்பு. இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி, ஒரு தூதரகத்து விசா வரிசையில் நின்றிருக்கிறேன். போனை எதிரே தேத்தண்ணீர்க் கடையில் கொடுத்தாயிற்று. கையில் பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும்தான். ஆனாலும் அந்த மதிலைப் பார்க்கப் பார்க்க, ஏதோ களவெடுத்தவன் போல இருந்தது.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள்?

நாடுகளின் தூதரக உறவு பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின்படி, தூதரகத்துக்குள் அனுமதியில்லாமல் உள்நாட்டுப் பொலிஸ்கூட நுழைய முடியாது. அதைக் காப்பதும் அந்த நாட்டின் கடமை. ஆனால் குண்டு ஏற்றி வருகிறவனுக்கு உடன்படிக்கை ஒரு பொருட்டா? 1983 ஏப்ரலில் பெய்ரூட் அமெரிக்கத் தூதரகத்தில் 63 பேர் இறந்தார்கள். 1998 ஆகஸ்ட் 7 அன்று கென்யாவின் நைரோபியிலும் தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலும் இருந்த அமெரிக்கத் தூதரகங்களில் 224 பேர். நைரோபித் தூதரகம் நகர நடுவில், வீதியை ஒட்டி இருந்தது. முதலில் சின்னதாக ஒரு வெடிச்சத்தம். என்னவென்று பார்க்கப் பலர் யன்னலுக்கு வந்தார்கள். அப்புறம்தான் பெரிய குண்டு. யன்னல் கண்ணாடி பட்டே பலருக்குப் பார்வை போனது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கென்யர்கள்.

[காட்சி: வரைபடம். வீதி, வெளி, கட்டடம்.]

இங்கே மதிலைவிடத் தூரம்தான் பெரிய காவல். வெடிக்கிற இடத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் அழுத்தம் பாதியாகாது, ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். அதனால்தான் வீதியிலிருந்து 100 அடி உள்ளே தள்ளிக் கட்டு என்று அமெரிக்கர்கள் 1985இலேயே சொன்னார்கள். நகரத்துக்குள் அவ்வளவு காணிக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே, ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள் எழும்பின. பாதுகாப்பு சரி. பஸ் போகாத இடத்தில் இருந்துகொண்டு யாரோடு உறவாடுவது?

லண்டனில் 2018இல் திறந்த அமெரிக்கத் தூதரகம் வேறு வழி பார்த்தது. கண்ணாடிப் பெட்டி போல ஒரு கட்டடம், பக்கத்தில் குளம், சுற்றிப் புல்வெளி. பார்த்தால் பூங்கா. ஆனால் லொறி வந்தால் அந்தக் குளத்தைத் தாண்டாது. வாகனம் மறிக்கும் தூண்களைச் செடிவேலிக்குள் ஒளித்திருக்கிறார்கள். செலவு ஏறக்குறைய 100 கோடி டொலர்.

எனக்குப் பிடித்தது பெர்லின். 1999இல் வட ஐரோப்பாவின் ஐந்து நோர்டிக் நாடுகள் ஒரே வளாகத்தில், ஒரே செப்பு மதிலுக்குள் தூதரகங்களைக் கட்டின. அதோடு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டடம். கண்காட்சி பார்க்க யாரும் உள்ளே போகலாம். காவல் அதற்கு அப்பால், ஒவ்வொரு தூதரகத்துக்கும் தனியாக. நம் கோட்டையும் இதே கணக்குத்தான்: கோயில் பாதை பொது, முகாம் வாசல் வேறு.

[காட்சி: மறுபடி வரிசை.]

குளம், செப்பு மதில் எல்லாம் பணக்கார வேலை. நான் நின்ற வரிசைக்கு மேலே ஒரு தகரக் கூரை போதும். அது குண்டைத் தாங்க வேண்டாம், பத்து மணி வெயிலைத் தாங்கினால் சரி.