எந்தத் தோட்டம், எந்த மாசம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம ஊரில் ஒருத்தர் வீட்டுக்குப் போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போவது என்று யாரும் ரொம்ப நேரம் யோசிப்பதில்லை. அல்வா. அது வேண்டாமென்றால் தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டி கடலைமிட்டாய். வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை வந்துவிட்ட பிறகுதான் இந்தப் பழக்கம் கொஞ்சம் தடுமாறுகிறது. நான் இருபத்தாறு வருஷம் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். ஓய்வுபெற்று அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பி வந்ததும், நமக்குத் தெரிந்த பொருள் இதுதானே என்று தேயிலையையே கொடுக்க ஆரம்பித்தேன். முதல் தடவையே மண்ணைக் கவ்வினேன்.

சேரன்மகாதேவியில் இருக்கும் என் அக்காவுக்கு டார்ஜிலிங் தேயிலை நூறு கிராம் கொடுத்தேன். மார்ச் மாசத்து முதல் பறிப்பு, ஒரே தோட்டத்து இலை. அக்கா என்ன செய்தாள்? பால் கொதிக்கிற சட்டியில் நாலு கரண்டி அள்ளிப்போட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டு, பொங்கப் பொங்கக் காய்ச்சி அத்தான் கையில் கொடுத்திருக்கிறாள். அன்று சாயங்காலமே போன். “ஏல, உன்ன யாரோ நல்லா ஏமாத்திட்டான். சாயமே எறங்கல. எல பச்சப்பச்சயா வேற கெடக்கு. திருப்பிக் குடுத்துட்டுத் துட்ட வாங்கிரு.”

அக்கா கண்ணில் பட்டது உண்மைதான். குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கிடந்த செடி, மார்ச் வாக்கில் விடுகிற முதல் கொழுந்து அது. அங்கே அதை நன்றாக வாட வைத்துவிடுவார்கள். அதனால் உருட்டிய பிறகு முழுசாகக் கறுக்காது. கறுப்புத் தேயிலை என்று பேர் இருந்தாலும் இலை பச்சை கலந்துதான் இருக்கும், சாயம் வெளிறிய தங்க நிறம். அதில் பாலை ஊற்றினால் பால்தான் மிஞ்சும். இலைமேல் தப்பில்லை. அந்த வீட்டு அடுப்பில் தினமும் என்ன கொதிக்கிறது என்று பார்க்காமல் கொடுத்த என்மேல்தான் தப்பு.

நாம் அன்றாடம் குடிப்பது தூள். 1930-களில் அசாமில் வந்த ஒரு மெஷின், இலையை வெட்டி, கிழித்து, குருணையாகச் சுருட்டித் தள்ளியது. அந்த வழியில் வந்த தூள்தான் நம்ம டீக்கடைப் பாய்லர் பக்கத்து டப்பாவில் இருப்பது. கம்பெனிக்காரர்கள் பல தோட்டத்துத் தூளைக் கலப்பார்கள், தைக்கு வாங்கினாலும் ஆவணிக்கு வாங்கினாலும் ருசி மாறக்கூடாது என்பதற்காக. அதை மட்டமென்று சொல்ல மாட்டேன். பாலுக்கு அதுதான் ஜோடி.

ஒரே தோட்டத்து இலையின் கதை வேறு. கருப்பட்டி வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? உடன்குடியா, வேறெங்கேயாவதா? இந்த வருசத்ததா, போன வருசத்ததா? அந்தக் கேள்விதான் இதற்கும். எந்தத் தோட்டம், எந்த மாசம்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாத கடையில் பரிசுக்கென்று இலை வாங்காதீர்கள். எஃப்டிஜிஎஃப்ஓபி என்று நீளமாக எழுத்துகளை அடுக்கியிருப்பார்கள். அது இலையின் அளவையும் மொட்டு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் சொல்லும், ருசியைச் சொல்லாது. பேக் செய்த தேதியும் பறித்த தேதியும் ஒன்றில்லை. அதையும் கேட்டு வாங்குங்கள்.

மாசக்கணக்கை நம்ம நாட்காட்டிக்கு மாற்றிச் சொல்கிறேன். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாசங்களில் செடி குளிரில் மெதுவாக வளரும், வாசம் இலையில் சேரும். பனிக்காலத் தேயிலை என்பது இதுதான். பனியில் கருகிய இலை என்று சிலர் நினைக்கிறார்கள். கருகின இலையை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. மாசி, பங்குனியில் இது கைக்கு வரும். டார்ஜிலிங் முதல் பறிப்பு சித்திரை வாக்கில் வரும். மே, ஜூனில் நடக்கும் இரண்டாம் பறிப்பு, குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆடியில் கிடைக்கலாம். இந்த இரண்டாம் பறிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. தத்துப்பூச்சி என்று ஒரு பொடிப்பூச்சி கொழுந்தைக் கடித்துச் சாறு உறிஞ்சும். கடிபட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற பொருள்களால்தான் பழுத்த திராட்சை மாதிரி ஒரு மணம் வருகிறது. பூச்சி விழுந்த கத்தரிக்காயைத் தூரப் போடுகிற நாம், பூச்சி கடித்த இலைக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது!

பால் விடாமல் குடிக்க மாட்டோம் என்கிற வீட்டுக்கு அசாம் இரண்டாம் பறிப்புதான். சாயம் கெட்டி, பாலைத் தாங்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துப் பழகியவர்களுக்கு நீலகிரி பனிக்கால இலை. ஆற வைத்து ஐஸ் போட்டாலும் அது அவ்வளவாகக் கலங்காது, நம்ம அக்கினி நட்சத்திரத்துக்குத் தோது. முதல் பறிப்பை, சர்க்கரைகூட இல்லாமல் குடிக்கிற ஆளுக்கு மட்டும் கொடுங்கள்.

கடையில் இலையை உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, கையை மூடி, வாயால் சூடாக ஒரு மூச்சு ஊதிவிட்டு, உடனே மோந்து பாருங்கள். ஃபேக்டரியில் நாங்கள் தினமும் செய்வது இது. நல்ல இலை அந்த ஈரத்துக்கே விழித்துக்கொள்ளும். பழைய இலை வைக்கோல்தான். தகர டப்பா அழகாக இருக்கிறதே என்று மயங்கவேண்டாம். கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம், வெளிச்சம் இலைக்கு ஆகாது. அரைக்கிலோவும் வேண்டாம். ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் என்றால் நூறு கிராமில் நாற்பது கோப்பை. வாசம் போவதற்குள் ஒரு வீடு குடித்து முடிக்க அது சரியான அளவு.

தண்ணீரையும் மறந்துவிடக்கூடாது. ஒரே டப்பாவைப் பிரித்து இரண்டு மச்சினன்மாருக்குக் கொடுத்தேன். பாபநாசத்து மச்சினன் தாமிரபரணித் தண்ணீரில் போட்டான், பளிங்கு மாதிரி இறங்கியது. வள்ளியூர் மச்சினன் வீட்டில் போர் தண்ணீர். சாயத்தின்மேல் ஆடை மாதிரி ஒரு படலம், ருசியும் மந்தம். உப்புத்தண்ணீர் வீட்டுக்குக் கொடுத்தால், குடிக்கிற கேன் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.

நான் இப்போது டப்பாவோடு கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டும் வைக்கிறேன். ‘கொதித்த தண்ணீரை இறக்கி இலைமேல் ஊற்றி, மூடி வைத்து, மூணு நிமிஷத்தில் வடிகட்டவும். அடுப்பில் ஏற்ற வேண்டாம். பெருங்காய டப்பா பக்கம் வைக்க வேண்டாம்.’ அக்கா அதை அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அவளுக்கு இப்போது அசாம்தான் போகிறது.

போன மாசம் சென்னையிலிருந்து வந்த ஒரு நண்பர், “உங்க மலைத் தேயிலை நூறு கிராம் வாங்கித் தாங்களேன்” என்றார். நம்ம மலை என்றால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் காட்டில் எழுந்த தோட்டங்கள். 2024-இல் அங்கே கொழுந்து பறிப்பது நின்றுபோனது. யாராவது பழைய டப்பா ஒன்றைத் தேடிக் கொடுத்தாலும் அதில் வாசம் இருக்காது. குன்னூர் தை மாசத்து இலையைக் கொடுத்து, “இது எங்க மலை இல்ல, அங்க இப்பப் பறிக்கிறது இல்ல” என்று சொல்லித்தான் அனுப்பினேன். சீட்டிலும் தோட்டத்தின் பேரை எழுதிவிட்டேன்.

வணக்கம்.