சூரைச்செடியின் கீழே ஓர் அடையும் தண்ணீரும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எப்படி இருக்கிறீர்கள்? மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் கொஞ்சம் வரும். கீழே வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தைத் தனியாக, அவசரமில்லாமல் பேச வேண்டும் என்று மேலே வந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு தங்கை எனக்கு எழுதியிருந்தார். "அக்கா, துக்கத்தில் இருக்கும்போது வருகிறவர்கள் எல்லாரும் வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. என் விசுவாசத்தில் குறையா?" என்று கேட்டிருந்தார். வாசித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. இதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஏழெட்டு மாதம் இருந்திருக்கிறேன்.

இதைப் பாருங்கள். ஒரு வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனை முடியும்போது தட்டில் வைத்து நீட்டுவார்கள் அல்லவா, ஆளுக்கு ஒன்று எடுப்போம், அதுதான். இது அப்பா படுக்கையில் இருந்த வருஷம் எனக்கு வந்தது. எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." எடுத்த அந்த நிமிஷமே அழுதுவிட்டேன். அப்பா எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் அதை வாசித்தேன். சுற்றியிருந்தவர்களும் அப்படியேதான் சொன்னார்கள். பக்கவாதம் வந்து பதினாலு மாதம் படுத்திருந்த அப்பா அந்த ஆகஸ்டில் போய்விட்டார்.

அதற்கப்புறம் இந்த அட்டையைப் பார்க்கவே முடியவில்லை. கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. அப்பாவுடைய பைபிளுக்குள் செருகிவைத்தேன்.

அப்பா முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். இரவு வண்டிதான் அதிகம். காலையில் வந்து குளித்துவிட்டு, சாப்பாடு வரும்வரை பத்து நிமிஷம் வேதம் வாசிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அவருடைய பைபிளில் பழைய வாக்குத்தத்த அட்டைகள் நிறைய இருந்தன. அடிக்கோடு மட்டும் அபூர்வம், அவருக்குப் புத்தகத்தில் எழுதுவது பிடிக்காது. ஒருநாள் அந்த அட்டைகளை எடுத்து அடுக்கும்போது 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் பென்சிலால் ஒரு கோடு இருந்ததைப் பார்த்தேன். அந்த அதிகாரத்தில் எல்லாரும் அடிக்கோடு போடுகிற இடம் ஒன்று உண்டு, "அமர்ந்த மெல்லிய சத்தம்" என்ற இடம். அப்பா அதற்குப் போடவில்லை. ஆறாவது வசனத்தின் கடைசியில் போட்டிருந்தார். "அவன் புசித்துக் குடித்துத் திரும்பப் படுத்துக்கொண்டான்."

இதற்கு ஏன் கோடு? ரொம்ப நாள் யோசித்தேன். அந்த 'அவன்' எலியா தீர்க்கதரிசி. அப்படித்தான் எலியாவை உட்கார்ந்து ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகாப் ராஜாவின் காலம். மூன்றரை வருஷம் மழை இல்லை. கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே எலியா ஒற்றை ஆளாக நிற்கிறார். அக்கினி இறங்குகிறது. மழையும் வருகிறது. அந்த மழையில் ஆகாபின் ரதத்துக்கு முன்னாலே யெஸ்ரயேல்வரை ஓடுகிறார். வரைபடத்தில் அளந்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் இதைவிடப் பெரிய நாள் இருக்க முடியுமா?

அடுத்த அதிகாரத்தில் ஆகாபின் மனைவி யேசபேல் ஆள் அனுப்பி, நாளை இந்நேரத்துக்குள் உன்னைக் கொன்றுவிடுவேன் என்கிறாள். எலியா உயிருக்குப் பயந்து ஓடுகிறார். யெஸ்ரயேல் வடக்கே இருக்கிறது, அவர் போய்ச் சேர்ந்த பெயெர்செபா யூதாவின் தெற்குக் கோடியில். நேர்க்கோட்டில் பார்த்தாலே 150 கிலோமீட்டர் அளவு வரும். அங்கே தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, தனியாக இன்னும் ஒருநாள் வனாந்தரத்துக்குள் நடக்கிறார். வேலைக்காரனை விட்டுவிட்டார் என்ற அந்தச் சின்ன விவரத்தை நான் முன்பெல்லாம் கவனித்ததே இல்லை. மனம் உடைந்தவர்கள் முதலில் செய்வது அதுதான். கூட இருக்கிறவரை அனுப்பிவிடுவோம், போனை எடுக்க மாட்டோம், கதவைச் சாத்திக்கொள்வோம்.

அப்புறம் ஒரு சூரைச்செடியின் கீழே உட்காருகிறார். அந்தப் பாலைவனத்தில் வளரும் புதர் அது. மெல்லிய குச்சிகளும் வெள்ளைப் பூவும்தான், நம் வேப்பமரம் மாதிரி நிழல் தராது. அந்த அரைகுறை நிழலில் உட்கார்ந்து அவர் செய்த ஜெபம் இது: "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல."

தங்கை, உங்களுக்காகத்தான் இதை நிறுத்திச் சொல்கிறேன். இது ஒரு தீர்க்கதரிசியின் ஜெபம். வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர் கொஞ்ச நாளில் செய்த ஜெபம். வேதம் இதை ஒளிக்கவில்லை. எலியா மட்டும் இல்லை. மோசே எண்ணாகமம் 11இல் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். யோனா சாவைக் கேட்கிறார். எரேமியா, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். இவர்களில் யாருக்கும் விசுவாசம் இல்லை என்று வேதம் சொல்லவில்லை. யாக்கோபு நிருபம் எலியாவைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? "நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன்."

சரி, இந்த ஜெபத்துக்குக் கர்த்தர் என்ன பதில் சொன்னார்? ஒன்றுமே சொல்லவில்லை. எலியா தூங்கிப்போகிறார். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். "எழுந்திருந்து போஜனம்பண்ணு." அவ்வளவுதான் பேச்சு. கண் திறந்து பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். நம்முடைய பருப்பு அடை இல்லை அது, தழலில் சுடுகிற தட்டையான ரொட்டி. ஆனாலும் மொழிபெயர்த்தவர்கள் அடை என்று போட்டார்களே, அந்த ஒரு சொல்லுக்காக அவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். அந்த வார்த்தையைப் படித்ததும் அடுப்பு வாசனை வந்துவிடுகிறது. தழல் எங்கிருந்து வந்தது என்று வேதம் சொல்லவில்லை. 120ஆம் சங்கீதத்தில் சூரைச்செடியின் தழல் என்று ஒரு வரி உண்டு. அவர் எந்தச் செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டாரோ, அதே செடியின் விறகில் அந்த அடை வெந்திருக்குமோ என்று நான் நினைத்துக்கொள்வேன். இது என் நினைப்புதான், வசனத்தில் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் எலியா எழுந்து ஊழியத்துக்குப் போனாரா? இல்லை. அப்பா கோடு போட்ட இடம் வருகிறது. புசித்துக் குடித்துத் திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் கோபப்படவில்லை. தூங்க விடுகிறான். இரண்டாந்தரம் வந்து தட்டி எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. இந்தத் தடவை ஒரு வாக்கியம் கூடுதலாக வருகிறது: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." உன் விசுவாசம் எங்கே போயிற்று என்ற கேள்வி இல்லை. உனக்கு முன்னால் இருக்கிற தூரம் பெரியது, வெறும் வயிற்றோடு உன்னால் முடியாது என்கிற அக்கறை.

இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் பகலில் படுத்துக்கொள்கிற ஒரு மனிதர் இந்த வசனத்துக்கு ஏன் கோடு போட்டார் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. அவரிடம் கேட்க முடியாது. எனக்குப் புரிந்தது அதுதான்.

இன்னொன்றும் புரிந்தது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ வசனம் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னவர்களும் உண்டு. சபையில் ஒருவர், நீங்கள் இன்னும் உபவாசம் இருந்து ஜெபித்திருக்க வேண்டும் என்றார். அதை மறக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. என் சித்தி மட்டும் ஒரு வசனமும் சொல்லவில்லை. தினமும் காலையில் தூக்குச்சட்டியில் கஞ்சியும் ஒரு துவையலும் கொண்டு வருவார். "எந்திரி பிள்ள, கஞ்சி ஆறிடும்" என்பார். நான் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வேன். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார். நாற்பது நாளுக்கு மேல் அப்படி வந்தார். எலியாவை வாசித்தபோது அந்தத் தூதனுக்கு என் மனதில் சித்தியின் முகம்தான் இருந்தது.

அப்புறம் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். அங்கே வந்த பிறகுதான் கர்த்தர் முதல்முதலாகக் கேட்கிறார்: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" அவர் தன் மனக்குறையைக் கொட்டுகிறார். நான் ஒருவன்தான் மீதி, என் பிராணனையும் வாங்கத் தேடுகிறார்கள் என்கிறார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அதற்குப் பிறகு அந்த மெல்லிய சத்தம். கர்த்தர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்கிறார். எலியாவும் அதே பதிலை, ஒரு வார்த்தை மாறாமல், மறுபடியும் சொல்கிறார். பத்தாவது வசனத்தையும் பதினாலாவது வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கர்த்தரை நேரில் சந்தித்த பிறகும் மனிதருக்குப் புலம்பல் தீரவில்லை. சொன்னதையே சொல்கிறோமே என்று ஜெபத்தில் கூச்சப்படுகிறவர்களுக்கு நான் இந்த இரண்டு வசனங்களைத்தான் காட்டுவேன்.

'நான் ஒருவன்தான்' என்பது உண்மையும் இல்லை. கர்த்தருடைய தீர்க்கதரிசிகள் நூறு பேரைக் குகைகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதை, ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரர் ஒபதியா முந்தின அதிகாரத்திலேயே எலியாவிடம் சொல்லியிருக்கிறார். துக்கத்தில் அது மறந்துபோகிறது. கர்த்தர் அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. வேலை கொடுக்கிறார், போகிற வழியைச் சொல்கிறார், அவருக்குப் பின் தீர்க்கதரிசியாக எலிசா என்று ஒரு பெயரைக் கொடுக்கிறார், கடைசியில் பாகாலை வணங்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார். சாப்பாடு, தூக்கம், தன் குறையைச் சொல்ல நேரம், அப்புறம்தான் வழிகாட்டுதல். எனக்கு யாராவது இந்த வரிசையை முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இதோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'போதும்' என்ற எண்ணம் உங்களுக்கு உண்மையாகவே வந்துகொண்டிருந்தால், தனியாகச் செடிக்குக் கீழே உட்காராதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச எண் இருக்கிறது, 14416, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு இல்லை. நான் எடுத்தேன்.

சரி, இந்த அட்டைக்கு வருகிறேன். எலியாவை முழு அதிகாரமாக வாசித்த பிறகு எரேமியா 29ஐயும் முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்கிறான். எல்லாருக்கும் பிடித்த செய்தி. எரேமியா அனுப்பிய செய்தியோ எழுபது வருஷம். என் அட்டையில் இருக்கிற பதினோராவது வசனத்துக்கு நேர் மேலே, பத்தாவது வசனத்தில் அந்த எழுபது இருக்கிறது. அப்படியென்றால் அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போயிருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்லப்படுகிறது. அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை ஐந்தாவது வசனத்தில்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள்.

அட்டை பொய் சொல்லவில்லை. நான்தான் அனனியாவின் செய்தியை அதற்குள் வைத்து வாசித்திருக்கிறேன். அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, இந்த வருஷமும் எடுத்தேன். இப்போது எடுத்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுகிறேன். அந்த வசனத்தை முதலில் கேட்டவர் யார், எந்த நிலைமையில் கேட்டார் என்று தெரிந்த பிறகுதான் அது எனக்குத் துணையாக வருகிறது.

அந்த ஐந்தாவது வசனத்தை வாசித்த வாரம்தான் கொல்லையில், அப்பாவின் கட்டிலை வெயிலுக்குப் போடுகிற இடத்தில், ஒரு முருங்கைக் கிளையை ஊன்றினேன். இதோ, இங்கிருந்தே தெரிகிறது. கேமராவைத் திருப்புகிறேன். பூ விட்டிருக்கிறது, பாருங்கள்.

தங்கை, நீங்கள் கேட்டதற்கு இன்று பாதிதான் சொல்லியிருக்கிறேன். வசனம் உள்ளே இறங்காத நாட்களுக்கென்றே வேதத்தில் 88ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் மாதிரி அது கடைசியில் துதிக்குத் திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அடுத்த வாரம் அதைச் சேர்ந்து வாசிப்போம். மொத்தம் 18 வசனங்கள். முடிந்தால் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள், முடியாவிட்டால் சும்மா வாருங்கள், நான் வாசிக்கிறேன். இன்று இரவு மட்டும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். ஸ்தோத்திரம்.