ஏழூர் சுற்றும் மாப்பிள்ளை வீட்டார்

சபையோர் அனைவருக்கும் வணக்கம். சித்திரைத் திருவிழா என்றவுடன் எல்லோருக்கும் மதுரை ஞாபகம் வந்துவிடும். மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்று உங்களைத் தஞ்சாவூருக்கு வடக்கே, திருவையாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். திருவையாறு என்றால் தியாகராஜர் ஆராதனையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அது தை மாதம், சங்கீதக்காரர்களின் விழா. சித்திரையில் நடப்பது சுற்று வட்டாரத்துக் குடியானவர்களின் விழா. ஏழூர்ப் பல்லக்கு என்பார்கள். சப்தஸ்தானம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும்.

கதை நந்தியிலிருந்து தொடங்குகிறது. சிலாத முனிவருக்குப் பிள்ளை இல்லை. திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பரை வேண்டித் தவம் கிடந்தார். யாகத்துக்காக நிலத்தை உழுதபோது ஒரு பெட்டி கிடைத்தது, அதற்குள் குழந்தை. ஆனால் ஆயுள் 16 வயதுதான் என்று வாக்கு. விஷயம் தெரிந்ததும் பையன் அழுதுகொண்டு உட்காரவில்லை. திருவையாற்றுத் தீர்த்தத்தில் இறங்கி நின்று தவம் செய்தான். நீர்வாழ் பிராணிகள் உடம்பை அரித்துத் தின்றும் நகரவில்லை. ஈசன் வந்து, உடம்பைச் சரிசெய்து, ஆயுளையும் கொடுத்து, சிவகணங்களுக்குத் தலைவனாகவும் ஆக்கினார். நாம் கோயிலுக்குள் நுழைந்தவுடன் யாரிடம் அனுமதி கேட்கிறோமோ, அந்த நந்தியெம்பெருமான்தான் இந்தப் பையன்.

சரி, ஆயுள் கிடைத்தது, பதவியும் கிடைத்தது. அப்புறம்? கல்யாணம்தான்! கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமழபாடியில் சுயசாம்பிகை என்ற பெண்ணைப் பேசி முடித்தார்கள். பங்குனி மாதம் புனர்பூச நட்சத்திரத்தில் இன்றைக்கும் அங்கே நந்தி கல்யாணம் நடக்கிறது. ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்று சொல்லிக்கொண்டு, வரன் அமையாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள்.

இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவர் ஐயாறப்பர். உலகத்தையே படைத்துக் காப்பவர், ஒரு கல்யாணச் செலவை ஒற்றை ஆளாகச் சமாளிக்க மாட்டாரா? நினைத்த மாத்திரத்தில் எல்லாம் வந்திருக்கும். ஆனால் ஊர்க்கதை அப்படிச் சொல்லவில்லை. திருப்பழனத்திலிருந்து பழம் வந்தது, திருச்சோற்றுத்துறையிலிருந்து சாப்பாடு வந்தது, திருவேதிகுடியிலிருந்து வேதம் ஓதுகிற அந்தணர்கள் வந்தார்கள், கண்டியூரிலிருந்து நகை, பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானத்திலிருந்து நெய். ஆறு ஊரும் சேர்ந்துதான் பந்தல் நிறைந்தது. கடவுளே ஆனாலும் கல்யாணம் என்று வந்துவிட்டால் அக்கம்பக்கம் வேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள் நம் முன்னோர்கள். பெரிய தத்துவப் புத்தகங்களைவிட எனக்கு இந்தக் கற்பனை பிடித்திருக்கிறது. எல்லாம் வல்லவர் என்று ஒருவரைக் கும்பிடுவது சுலபம். அவரே உதவி வாங்கிக்கொண்டார் என்று சொல்வதற்குக் கொஞ்சம் உரிமை வேண்டும்.

வாங்கிக்கொண்டதோடு விட்டுவிடவில்லை. கல்யாணம் முடிந்தால் புதுமணத் தம்பதியை உறவுக்காரர்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துப் போவோம் அல்லவா? அதைத்தான் ஐயாறப்பரும் செய்கிறார். சித்திரை விசாகத்தை ஒட்டி, அறம் வளர்த்த நாயகியோடு கண்ணாடிப் பல்லக்கில் அவர் புறப்படுகிறார். நந்தியும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில் கூடவே வருகிறார்கள். திருப்பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம் என்று வரிசையாக ஒவ்வொரு ஊர் வாசலிலும் நின்று மரியாதை பெற்றுக்கொள்கிறார்கள். வழியில் காவிரியைத் தாண்ட வேண்டும், குடமுருட்டியைத் தாண்ட வேண்டும். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. ஆகவே சித்திரையில் ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். பல்லக்கைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மணலில் கால் புதைய நடந்து பார்த்தால்தான் தெரியும், சுவாமியின் கனம் எவ்வளவு என்று. ஒவ்வொரு ஊர்ச் சுவாமியும் தன் பல்லக்கோடு சேர்ந்துகொள்ள, கடைசியில் திருவையாற்றில் ஏழு பல்லக்குகள் கூடி நிற்கும். அங்கே ஒரு பொம்மை சுவாமிக்குப் பூவைப் போடும். அதோடு விழா நிறைவு.

கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும்கூட இப்படி ஏழூர் விழா உண்டு. ஆனாலும் பேர் வாங்கியது திருவையாறுதான். அதற்கு அப்பர் சுவாமிகளும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். இந்த ஏழு தலங்களையும் அவர் பாடியிருக்கிறார். தள்ளாத வயதில் கயிலாயம் பார்க்க வேண்டும் என்று வடக்கே கிளம்பினார். கால் தேய்ந்தது, கையால் ஊன்றிப் போனார். அதுவும் முடியாமல் மார்பால் தவழ்ந்தார், உருண்டார். முனிவர் வடிவில் வந்த ஈசன் அங்கிருந்த குளத்தில் மூழ்கச் சொன்னார். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். எதிரே யானை தன் பிடியோடு வருகிறது, சேவல் தன் பெடையோடு வருகிறது. பார்த்த ஜோடியெல்லாம் சிவமும் சக்தியுமாகத் தெரிகிறது. ‘கண்டறியாதன கண்டேன்’ என்று பாடினார். கயிலைக்குப் போக முடியாதவருக்காகக் கயிலையே திருவையாற்றுக்கு வந்தது. ஆடி அமாவாசையில் அதையும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஆக, கும்பிட வருகிறவனுக்காகக் கர்ப்பகிரகத்திலேயே காத்திருக்கும் சுவாமி அல்ல இவர். நடக்கத் தெரிந்த சுவாமி.

பல்லக்கு என்று சொன்னதால் பூந்துருத்தியில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருந்தார். பாண்டிய நாட்டில் சமணரை வாதில் வென்று, பெரும் புகழோடு சம்பந்தர் முத்துப் பல்லக்கில் வருகிறார். வரவேற்கப் போன அப்பர், கூட்டத்துக்குள் புகுந்து பல்லக்கைத் தூக்குகிறவர்களோடு தோள் கொடுத்துவிட்டார். ஊர் நெருங்கியதும் உள்ளிருந்து சம்பந்தர் கேட்கிறார், ‘அப்பர் எங்குற்றார்?’ கீழேயிருந்து பதில் வருகிறது, உம்மைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று. பதறிக் குதித்து இறங்கினார் சம்பந்தர். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதை விவரிக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். இவர் வயதில் மூத்தவர், அவர் ஞானத்தில் மூத்தவர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் காட்சியே நடந்திருக்காது. ஏழூர்ப் பல்லக்கு பூந்துருத்திக்குள் நுழையும்போது, தோள் கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நடக்கிறவர் சொல்லிவிடுவார்.

விழாச் சமயத்தில் போக முடியாதவர்கள் சாதாரண நாளிலும் ஏழூரைச் சுற்றலாம். எல்லாமே அக்கம்பக்கத்து ஊர்கள், வண்டி இருந்தால் ஒரே நாள் போதும். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கண்டியூருக்குப் போனால் எதிரிலேயே பெருமாள் கோயில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். திருப்பழனத்துக்குப் பக்கத்தில்தான் அப்பூதியடிகளின் திங்களூர். பிள்ளைகளுக்கெல்லாம் அப்பரின் பேரான திருநாவுக்கரசு என்றே பேர் வைத்த மனிதர் அவர். அவர் கதையை எடுத்தால் இந்த மைக்கை யாரும் என்னிடமிருந்து வாங்க முடியாது. அடுத்து பேசுகிறவர் வெகுநேரமாகக் காத்திருக்கிறார், நான் உட்காருகிறேன்.