கிட்டப்பாவுக்கு முன்னாடியே அவர் சுந்தராம்பாள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாய் விரிச்சு முன்னாடியே இடம் பிடிச்சிருக்கிற தேவிபட்டினத்துத் தாய்மார்களே, வணக்கம்.

‘கே.பி. சுந்தராம்பாளை உயர்த்தியது கிட்டப்பாவின் துணையா, சொந்த உழைப்பா?’ இதுதான் இன்னைக்குத் தலைப்பு. எனக்கு முன்னால பேசின அண்ணன், சுந்தராம்பாளோட கணவர், நாடக நடிகர் கிட்டப்பா கைப்பிடிக்கலேன்னா அந்தம்மாவை யாருக்குத் தெரியும்னு கேட்டார். கைதட்டலும் வாங்கிட்டார். அண்ணே, கிட்டப்பா மகா பாடகர், அதுல எனக்கு வழக்கே இல்ல. ஆனா வருஷக் கணக்கைப் பார்க்காம வந்துட்டீங்களே!

1908-ல கொடுமுடியில பிறந்த பிள்ளை. சோத்துக்கே வழியில்லாத வீடு. ரயில்ல பாடிக் காசு வாங்கின குரல்தான் அவரை நாடகக் கம்பெனிக்குக் கொண்டுபோச்சும்பாங்க. அங்க ஆரம்பத்துல கிடைச்சதே ஆம்பளப் பிள்ளை வேஷம், நல்லதங்காளோட மகன்!

அப்புறம் சிலோன். இதுல நம்ம ராமநாதபுரம் கரைக்கும் பங்கு உண்டு. 1914-ல பாம்பன் பாலம் திறந்தப்புறம், பட்டணத்துல ரயில் ஏறினவர் தனுஷ்கோடியில இறங்கி, கப்பல்ல தலைமன்னார் போயிடலாம். நம்ம பெரியவங்க சொல்ற போட் மெயில் அதுதான். கொழும்புல தமிழ் நாடகத்துக்கு நல்ல கிராக்கி. அங்க சுந்தராம்பாள் பேர் எடுத்துக்கிட்டு இருக்கும்போதுதான், 1926-ல கிட்டப்பா போய் அவரோட சேர்ந்து நடிக்கிறார். யார் இருந்த இடத்துக்கு யார் போனது? எதிரணி யோசிக்கணும்.

சரி, மேடைக்கு வருவோம். ஸ்பெஷல் நாடகம்னா என்னன்னு இந்த ஊருக்கு நான் சொல்லணுமா? நாளைக்கு ராத்திரி இதே பந்தல்ல வள்ளி திருமணம் பார்க்கத்தான் போறீங்க. கதாநாயகன் ராஜபார்ட் ஒரு ஊரு, கதாநாயகி ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, சிரிக்க வைக்கிற பபூன் ஒரு ஊரு. ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதிக் கட்டையை ஏத்தினா ஏத்தினதுதான். வேலன் தர்க்கத்துல மடக்கினா வள்ளி நின்ன இடத்துலயே பாட்டால பதில் சொல்லணும். கொஞ்சம் தடுமாறினா விசில் பறக்கும். எதிர நிக்கிற ராஜபார்ட் துணை இல்லீங்க, போட்டி! அதுவும் மைக் இல்லாத காலம். நான் மைக்கைக் கையில வச்சுக்கிட்டே இந்த வாடைக்காத்தோட மல்லுக்கட்டுறேன். அவர் அடிவயித்துலருந்து எடுத்தது கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு. அந்தக் குரலை யாரும் இரவல் கொடுக்க முடியாது.

1927-ல கல்யாணம். அப்புறம் மனஸ்தாபம், பிரிவு. 1933 டிசம்பர்ல கிட்டப்பா காலமாயிட்டார். சுந்தராம்பாளுக்கு வயசு 25. அன்னைக்குக் கட்டின வெள்ளைச் சேலையைச் சொல்லித்தான் எதிரணி உங்களைக் கண்கலங்க வச்சாங்க. எனக்கு அதுல ஒரு வருத்தம் உண்டு. சேலையைப் பேசுறவங்க, அதைக் கட்டிக்கிட்டு அவர் செஞ்ச வேலையைப் பேச மாட்டேங்கிறாங்க. இனி ஆண் நடிகருக்கு ஜோடியா நடிக்கிறதில்லைன்னு முடிவெடுத்தார். அதுக்காக மூலையில உக்காந்தாரா? ஆம்பள வேஷத்தையே கட்டிட்டார்! 1935-ல வந்த ‘நந்தனார்’ படத்துல பண்ணை முதலாளி வேதியரா நடிச்சது யாரு? சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அவருக்கு முன்னால பண்ணையாள் நந்தனா நின்னு பாடினது சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்து லட்சம்! அண்ணே, அதைக் கிட்டப்பா பேரைச் சொல்லியா வாங்கினாங்க?

காங்கிரஸ் பிரசார மேடை, சட்ட மேலவை, 1953-ல ‘ஔவையார்’, 1970-ல பத்மஸ்ரீ. நடுவர் மணியில கை வச்சிட்டார், அதனால வேகமா சொல்லிட்டேன்.

கல்யாணத்துலருந்து கிட்டப்பா மறைவு வரைக்கும், பிரிவையும் சேர்த்தே ஆறு வருஷம். அதுக்கப்புறம் 1980-ல கண்ணை மூடுற வரைக்கும் 47 வருஷம். அடுத்துப் பேச வர்ற எதிரணித் தங்கச்சி அந்த 47 வருஷத்துக்கு முதல்ல கணக்குச் சொல்லட்டும், அப்புறம் துணையைப் பத்திப் பேசலாம். நன்றி, வணக்கம்.