பெண்டு எடுக்கும் முன்

வணக்கம். விழுந்த பைக்கைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஃபிரேம் பெண்டாகிடுச்சா?" என்றுதான். நான் உடனே பதில் சொல்வதில்லை. ஹேண்டில்பார் கோணலாக நிற்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அதன் பிடிக்குள் லேசாக முறுக்கிக்கொண்டிருக்கலாம். போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே கவ்விக்கொண்டு திருப்பினாலே பல வண்டிகள் நேராகிவிடும். நேருக்கு நேர் மோதிய வண்டியிலும் பெரும்பாலும் முதலில் வளைவது ஃபோர்க் குழாய்தான்.

அதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அப்புறம்தான் நூல். பின்டயரின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் நூலை இழுத்து முன்சக்கரம் வரை கொண்டுவாருங்கள். முன்டயரின் இரு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபிரேமோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோ கோணியிருக்கிறது.

அடுத்து டேங்கைக் கழற்றிவிட்டுக் கழுத்தடியைப் பார்க்க வேண்டும். ஹேண்டில் திரும்பும் குழாயோடு ஃபிரேம் சேரும் இடம் அது. அடி வாங்கியிருந்தால் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும். ஒருமுறை புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டி ஒன்று வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவியபோது குழாயின் அடியில் மெல்லிய சுருக்கம் தட்டுப்பட்டது.

கழுத்து வளைந்தால் விளையாட்டில்லை. கழுத்துக் குழாய் செங்குத்திலிருந்து பின்னால் சாய்ந்திருக்கும் கோணம் பொதுவாக 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்கும். மோதலில் ஒரு டிகிரி நிமிர்ந்தாலே டிரெயில், அதாவது கழுத்துக் குழாயின் கோட்டை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் குறைந்து, வேகத்தில் ஹேண்டில் அலைய ஆரம்பிக்கும். சீட்டைத் தாங்கும் பின்பகுதி மட்டும் வளைந்திருந்தால் அவ்வளவு பயமில்லை.

ஸ்டீல் ஃபிரேமை நிமிர்த்தலாம். ஆனால் ஃபிரேமை அசையாமல் பிடிக்கும் ஜிக் என்ற சட்டத்தில் பூட்டி, ஹைட்ராலிக் ஜாக்கியால், சூடு காட்டாமல் செய்ய வேண்டும். இரும்பு கொஞ்சம் பின்வாங்கும் என்பதால், வேண்டிய அளவைத் தாண்டித் தள்ளித்தான் நிறுத்துவோம். கேஸ் விளக்கைப் பற்றவைத்துச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுகிற ஆளைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நிமிர்த்திய பிறகு வெல்டிங் ஓரங்களில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்துவிட்டு, வெள்ளை மருந்து அடித்துப் பார்ப்போம். விரிசல் இருந்தால் வெள்ளையில் முடி போல ஒரு சிவப்புக் கோடு ஊறி வரும். அந்தக் கோடு தெரிந்தால் ஃபிரேமை மாற்றச் சொல்லிவிடுவேன்.

அலுமினியம் என்றால் நான் பெரும்பாலும் தொடுவதே இல்லை. சூடு காட்டினால் அதன் பலம் போய்விடும், சூடில்லாமல் வளைத்தால் விரிசல் விடும். மாற்றிவிடுவதே நல்லது.

மாற்றுவதென்றால் வண்டியை முழுசாகப் பிரிக்க வேண்டும். வயரிங் எந்த வழியாகப் போகிறது என்று முன்பே படம் எடுத்து வையுங்கள். ஃபிரேமில்தான் சேஸிஸ் எண் இருக்கிறது. அதனால் பதிவு அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பழைய ஃபிரேம் மலிவாகக் கிடைத்தால், அதுவும் விழுந்த வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். காசு கொடுப்பதற்கு முன் கழுத்தடியில் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.