வர்ணத்துக்கு முன் என்ன சாப்பிட்டாள்?

நேயர்களுக்கு வணக்கம். பரதநாட்டிய அரங்கேற்றம் வைத்திருக்கும் வீட்டில் அழைப்பிதழ், நகை, பக்கவாத்தியம், மண்டபம் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கும். ஆடப்போகும் பெண் அன்றைக்கு எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவாள் என்பதற்கு மட்டும் பெரும்பாலும் இருக்காது.

மாலை 6 மணி நிகழ்ச்சி என்று வையுங்கள். 2 மணிக்கே ஒப்பனை தொடங்கிவிடும். ஜடை, பூ, தலைசாமான், கடைசியில் உதட்டுச்சாயம். சாயம் பூசியபின் வாயில் எதையும் வைக்க விடமாட்டார்கள். காலையில் பதற்றத்தில் ஒரே ஒரு இட்லி. மதியம், "ஒட்டியாணம் கட்டணும், வயிறு தெரியும்" என்று இரண்டு வாய் தயிர்சாதம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் என்ற தொடக்க உருப்படிகள் முடிந்து, நிகழ்ச்சியிலேயே நீளமான உருப்படியான வர்ணம் எடுக்கும்போது மணி ஏழை நெருங்கியிருக்கும். வர்ணமோ அரை மணியிலிருந்து முக்கால் மணி போகும்.

வேகமாக அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகள், ஆடும்போது தசை தனக்குள் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத்தான் முதலில் எரிக்கும். அது குறையக் குறைய அரைமண்டி, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை, மேலே ஏறும். மூளைக்கும் சர்க்கரை வேண்டும், அதனால் ஜதியை முடிக்கும் தீர்மானத்தில் தாளக் கணக்கும் தவறலாம். "சாதகம் போதவில்லை", அதாவது பயிற்சி போதாது, என்று திட்டு விழும். பல நேரம் போதாதது சோறுதான்.

ஆகவே ஒப்பனைக்கு உட்காரும் முன், 1 மணிவாக்கில், வயிறாரச் சாப்பாடு: பருப்புசாதம், ரசம், உருளைக்கிழங்கு, தயிர். அன்றைக்குச் சுண்டல், முட்டைக்கோஸ், வடை, பிரியாணி வேண்டாம். எண்ணெயும் நார்ச்சத்தும் மிகுந்தவை வயிற்றைவிட்டு இறங்க நேரமெடுக்கும். ஒட்டியாணத்தை இறுக்கிக்கொண்டு அரைமண்டியில் உட்கார்ந்தால் எதுக்களிக்கும். 4.30க்கு, உதட்டுச்சாயத்துக்கு முன், இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். ஒப்பனை செய்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வர்ணம் முடிந்து உடை மாற்றும் இடைவெளியில் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு: இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. உறிஞ்சுகுழல் போட்டால் சாயமும் கலையாது. இவற்றையெல்லாம் ஒத்திகை நாளிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். மேடையேறும் அன்று வயிற்றுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை, அரங்கேற்றத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள். ஒத்திகை ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாகும். அதே நேரத்தில், தைத்த உடை இறுக்கிப் பிடிக்கக்கூடாது என்று சோற்றைக் குறைப்பார்கள். செலவு கூடும்போது வரவைக் குறைத்தால் உடல் எதையாவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் மாதவிடாய். "நிறைய ஆடுகிறாள், அதனால்தான்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போகவேண்டும். சாப்பாடு போதாமல் மாதவிடாய் நின்றால் எலும்பும் வலுவிழக்கும், அதுவும் எலும்பு சேரவேண்டிய பதின்வயதில். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் தட்டடவு தட்டுகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளியில் சுருக்கென்று வலித்து, ஓய்விலும் வலி இருந்தால், எலும்பில் மயிரிழைக் கீறல் இருக்கலாம். தைலம் தேய்த்து ஆடவிடாதீர்கள். இடுப்பு பிடித்தால் தையலைப் பிரித்துவிடலாம், சோற்றில் கைவைக்காதீர்கள்.

நேரமாகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இரும்புச்சத்து பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன்: கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள், காப்பி, டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. வகுப்பில் எல்லார் முன்னாலும் "குண்டாகிவிட்டாய்" என்று சொல்லாதீர்கள். அரைமண்டி போதவில்லை என்றால் அரைமண்டியைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஒரு பிள்ளை தட்டை மறைக்கிறாள், சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போகிறாள், எல்லாரும் சாப்பிடும்போது "பசிக்கல" என்று விலகுகிறாள் என்று தெரிந்தால் அதட்டவேண்டாம். தனியாகக் கூப்பிட்டுப் பேசி, பெற்றோருடன் மருத்துவரிடம் அனுப்புங்கள். வணக்கம்.