லேபிளையும் படம் எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கியவர்களுக்குத் தெரியும், நாலு டைல்ஸ் கடை ஏறி இறங்கினால் எதை எங்கே பார்த்தோம் என்பதே குழம்பிவிடும். செல்போனில்தான் படம் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்காரரால் பொருளை எடுத்துத் தர முடியாது. பழுப்பில் மரவரி போட்ட டைல்ஸ் அவரிடமே ஏகப்பட்டது இருக்கும். டைல்ஸை ஒரு படம் எடுத்தால், அதன் பெட்டியில் உள்ள லேபிளையும் கையோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

அந்த லேபிளைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மாடல் பெயர், அளவு இவற்றோடு பேட்ச் எண், ஷேடு எண் எல்லாம் இருக்கும். ஒரே மாடல்தான் என்றாலும் சூளைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நிறம் லேசாக மாறலாம். தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியாது, அடுத்தடுத்துப் பதித்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் பெட்டிக்கு 4 வரும், சுமார் 15.5 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு வெட்டுக்கழிவு 10 சதவீதம் சேர்த்தால் 132 சதுர அடி, அதாவது 9 பெட்டி. எட்டு போதும், குறைந்தால் அப்புறம் வாங்கிக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அதே ஷேடு திரும்பக் கிடைக்கும் என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது.

ஒரு நோட்டுப் போட்டு, கடை வாரியாக இல்லாமல் அறை வாரியாக எழுதுங்கள். விலையை எழுதும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு எழுதுங்கள். ஒருவர் பெட்டிக்குச் சொல்வார், இன்னொருவர் சதுர அடிக்குச் சொல்வார். எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிக்கொண்டால்தான் ஒப்பிட முடியும்.

குளியலறைப் பக்கத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். வெஸ்டர்ன் கிளாசெட் வாங்குமுன் எஸ் ட்ராப்பா (கழிவு தரை வழியாகப் போவது), பி ட்ராப்பா (சுவர் வழியாகப் போவது) என்று பிளம்பரிடம் கேட்டு எழுதுங்கள். எஸ் ட்ராப் என்றால், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து கழிவுக்குழாயின் நடு வரை 9 அங்குலமா, 12 அங்குலமா என்பதும் வேண்டும். தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் ஷவர் டைவர்ட்டரில் ஒரு பாகம் சுவருக்குள் புதைந்துவிடும். வெளியே தெரியும் பிளேட்டும் கைப்பிடியும் டைல்ஸ் வேலை முடிந்த பிறகுதான் மாட்டுவார்கள். உள்ளே போன பாகத்தின் மாடல் எண் உங்களிடம் இல்லாமல் பொருந்தாத மேல்பாகம் வந்துவிட்டால், ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டிவரும். சுவரைப் பூசுமுன் அந்த எண்ணை எழுதி வாங்கிவிடுங்கள்.

பெயிண்டுக்கு, டப்பா மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் ஷேடு எண்ணும் பேஸும் (நிறம் கலக்குமுன் இருக்கும் அடிப்படைப் பெயிண்ட் வகை) போதும்.

வேண்டாம் என்று விட்டதையும் காரணத்தோடு எழுதுங்கள். ‘ஈரத்தில் வழுக்குகிறது’ என்று ஒரு வரி இருந்தால் போதும், வீட்டில் அதே டைல்ஸுக்காக மறுபடி பேச்சு எழாது.

வேலை முடிந்ததும் மிச்ச டைல்ஸை லேபிள் கிழியாமல் பரணில் வையுங்கள். நாளைக்கே குழாய் கசிந்து தரையை உடைக்க நேர்ந்தால், அந்த மாடல் கடையில் இருக்கும் என்று நம்ப முடியாது. நன்றி, வணக்கம்.